பாக்குவெட்டி எந்த வகை? நெம்புகோல்களைப் பட்டியல் இல்லாமல் இனம்காண்பது

கேள்வி இரண்டு பகுதியாக வந்தது. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "கத்தரிக்கோல் முதல் வகை, பாக்குவெட்டி இரண்டாம் வகை, இடுக்கி மூன்றாம் வகை" என்று கடகடவென ஒப்பிக்கிறாள். ஆனால் பட்டியலில் இல்லாத பொருள் ஒன்றைக் கையில் கொடுத்தால் விழிக்கிறாள். அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? மூன்றாம் வகையில், குறைந்த பலத்தால் கூடுதல் எடையை அசைக்கும் லாபமே கிடையாது என்றால், அப்படியொரு நெம்புகோலை எதற்காகச் செய்ய வேண்டும்?

குறை அந்தப் பெண்ணிடம் இல்லை, பட்டியலில்தான் இருக்கிறது. பட்டியல் கருவியின் பெயரைப் பார்த்து வகை சொல்கிறது. உண்மையில் வகை என்பது, கருவியை எங்கே ஊன்றுகிறோம், எங்கே பிடிக்கிறோம், எதை அசைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஒரே கடப்பாரை காலையில் முதல் வகையாகவும் மதியம் இரண்டாம் வகையாகவும் வேலை செய்யும்.

முதலில் மூன்று சொற்கள். கோல் எந்த இடத்தில் ஊன்றித் திரும்புகிறதோ அது ஆதாரம். எதை அசைக்க வேண்டுமோ அது பளு. நாம் கொடுப்பது விசை. சில பாடநூல்கள் விசையைத் 'திறன்' என்று எழுதும். மேல்வகுப்பில் திறன் என்றால் வேறு பொருள் என்பதால் அதைத் தவிர்க்கிறேன். இலங்கைப் பாடநூல்களில் இதே மூன்றும் பொறுதி, சுமை, எத்தனம் என்று வரும். கோலில் இந்த மூன்று இடங்களையும் குறித்த பிறகு ஒன்றே ஒன்றைப் பார்த்தால் போதும்: நடுவில் இருப்பது எது? ஆதாரம் நடுவில் இருந்தால் முதல் வகை, பளு இருந்தால் இரண்டாம் வகை, விசை இருந்தால் மூன்றாம் வகை. ஆ, ப, வி என்று வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளலாம். நினைவில் வைக்க வேண்டியது அவ்வளவுதான்.

எவ்வளவு விசை வேண்டும் என்ற கணக்கு மூன்று வகைக்கும் ஒன்றே. விசையை, அதற்கும் ஆதாரத்துக்கும் உள்ள தூரத்தால் பெருக்கினால் வருவதும், பளுவை அதன் தூரத்தால் பெருக்கினால் வருவதும் சமமாக இருக்க வேண்டும். இந்தப் பெருக்கல்தான் திருப்புத்திறன். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சிராகூஸ் நகரில் வாழ்ந்த ஆர்க்கிமிடீஸ் இதை நிறுவிக் காட்டினார். கீழே வரும் கணக்குகளில் விசையையும் கிலோ என்றே சொல்கிறேன். நியூட்டனில் வேண்டுமானால் 9.8ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

கடப்பாரையிலிருந்து தொடங்கலாம். 5 அடி, அதாவது சுமார் 150 செ.மீ. நீளமுள்ள கடப்பாரை. 540 கிலோ கருங்கல் ஒன்றின் ஒரு விளிம்பை மட்டும் தூக்க வேண்டும். மறு விளிம்பு தரையிலேயே ஊன்றியிருப்பதால் கடப்பாரை மீது வருவது ஏறக்குறைய பாதி, 270 கிலோ. நுனியைக் கல்லுக்கு அடியில் செருகி, நுனியிலிருந்து 15 செ.மீ. தள்ளி ஒரு சிறு கல்லை அடியில் கொடுத்து, மறுமுனையைக் கீழே அழுத்துகிறோம். ஆதாரம் நடுவில் இருப்பதால் இது முதல் வகை. கை இருப்பது 135 செ.மீ. தூரத்தில், பளு இருப்பது 15 செ.மீ. தூரத்தில். கையின் தூரத்தைப் பளுவின் தூரத்தால் வகுத்தால் வரும் விகிதம் 9. எனவே 30 கிலோ விசை போதும்.

இப்போது சிறு கல்லை எடுத்துவிடுங்கள். கடப்பாரை நுனியைக் கல்லின் அடியில் இன்னும் ஆழமாகச் செருகித் தரையில் ஊன்றி, மறுமுனையை மேலே தூக்குங்கள். நுனிதான் இப்போது ஆதாரம். கல்லின் விளிம்பு நுனியிலிருந்து 15 செ.மீ. தூரத்தில், கை 150 செ.மீ. தூரத்தில். பளு நடுவில், ஆக இரண்டாம் வகை. விகிதம் 10, விசை 27 கிலோ.

காகிதத்தில் பார்த்தால் இரண்டாவது முறைதான் லாபம். வேலைத்தளத்தில் அப்படி இல்லை. கடப்பாரைக்கே எடை உண்டு. 7 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த எடை கோலின் நடுவில், நுனியிலிருந்து 75 செ.மீ. தூரத்தில் செயல்படும். முதல் முறையில் அது நம் பக்கம் இருந்துகொண்டு தானும் அழுத்துகிறது: 7 × 60 = 420 நமக்குச் சாதகம். வேண்டிய 4050இல் 420 போக, 135ஆல் வகுத்தால் 27 கிலோதான். இரண்டாம் முறையில் அதே எடையை நாம்தான் சேர்த்துத் தூக்க வேண்டும்: 4050 + 525, அதை 150ஆல் வகுத்தால் 30.5 கிலோ. கணக்கு அப்படியே தலைகீழாகிவிட்டது. போதாக்குறைக்கு, கீழே அழுத்தும்போது உடம்பின் எடையையே கோலின் மீது சாய்த்துவிடலாம். மேலே தூக்கும்போது முதுகுதான் பாடுபடும். அதனால்தான் கல்லை நகர்த்துபவர்கள் அடியில் ஒரு சில்லைக் கொடுத்து அழுத்துவதையே விரும்புகிறார்கள். நெம்புகோல் கணக்கில் கோலின் சொந்த எடையை மறப்பது மாணவர்கள் செய்யும் மிகச் சாதாரணமான பிழை. பல பாடப் பயிற்சிகளும் அதைக் கண்டுகொள்வதில்லை.

இந்த வேலையில் கெட்டுப்போவது பெரும்பாலும் ஆதாரம்தான். முதல் வகையில் ஆதாரத்தின் மீது பளு, விசை, கோலின் எடை எல்லாம் கூடி இறங்குகின்றன. மேலே சொன்ன கணக்கில் 300 கிலோவைத் தாண்டும். ஈர மண்ணில் கூழாங்கல்லை ஆதாரமாக வைத்தால் கல் மேலே வராது, கூழாங்கல்தான் கீழே போகும். தட்டையான கல்லோ, கனமான பலகைத் துண்டோ வேண்டும். கை 90 செ.மீ. இறங்கினால் கல் 10 செ.மீ.தான் ஏறும். எனவே ஏறிய உயரத்துக்கு உடனே முட்டுக் கொடுத்து, ஆதாரத்தையும் உயர்த்தி, மறுபடி நெம்ப வேண்டும். அழுத்தும்போது முகத்தைக் கோலுக்கு நேர் மேலே வைக்கக் கூடாது. கை வழுக்கினால் கோல் எம்பித் தாடையில் அடிக்கும். இரண்டு காலுக்கு நடுவில் கோலை வைத்துக்கொண்டு நெம்புவது அதைவிட மோசம்.

விசையில் பெறுவதைத் தூரத்தில் கொடுக்கிறோம் என்பது இங்கேயே தெரிந்துவிடும். ஆர்க்கிமிடீஸ் நிற்க இடம் கிடைத்தால் உலகையே நகர்த்துவேன் என்றாராம். நின்றிருந்தால் அவர் பாடு என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்ல வேடிக்கை. பூமியின் நிறை சுமார் 6 × 10²⁴ கிலோ. அவர் 60 கிலோ என்றால் விகிதம் 10²³. பூமி ஒரு மில்லிமீட்டர் அசைய, அவருடைய கை 10²⁰ மீட்டர் நகர வேண்டும். ஒளி அந்தத் தூரத்தைக் கடக்கவே பத்தாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும்.

முதல் வகைக்கு நம் ஊரில் இதைவிட நல்ல உதாரணம் தெருமுனை அடிபம்பு. 1970களில் யுனிசெப் துணையோடு உருவாகி இந்தியா முழுக்கப் பரவிய 'இந்தியா மார்க் 2' பம்பைப் பாருங்கள். ஒரு பக்கம் நீண்ட, கனத்த இரும்புக் கைப்பிடி. நடுவில் பேரிங் மாட்டிய அச்சு. மறுபக்கம் கால்வட்ட வடிவில் ஒரு துண்டு, அதன் மேல் படிந்த சங்கிலி, அந்தச் சங்கிலியில் தொங்கும் கம்பிகள். ஆழத்தில் உள்ள சிலிண்டரின் உள்விட்டம் 63.5 மி.மீ. அப்படியானால் ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் சுமார் 3.2 கிலோ தண்ணீர் மேலே நிற்கும். நீர்மட்டம் 25 மீட்டர் ஆழத்தில் என்றால் தண்ணீர் மட்டும் 79 கிலோ, கம்பிகள் ஒரு 22 கிலோ. மொத்தம் நூறு கிலோவுக்குச் சற்று மேல். கைப்பிடியின் விகிதம் சுமார் 8க்கு 1. கைப்பிடி முனையில் 13 கிலோகூட வேண்டாம். பத்து வயதுப் பிள்ளையும் உடம்பைச் சாய்த்து அடித்துவிடும். விலை? கை ஏறக்குறைய ஒரு மீட்டர் இறங்கினால்தான் கம்பி 12.5 செ.மீ. ஏறும். கைப்பிடியை ஒருமுறை அடித்தால் 400 மில்லி தண்ணீர்.

இந்தப் பம்பில் சில நுணுக்கங்கள் உண்டு. கைப்பிடியை முனையில் பிடிக்காமல் பாதியில் பிடித்து அடித்தால் விகிதம் 4 ஆகிவிடும், 25 கிலோ அழுத்த வேண்டும். சிறு பிள்ளைகள் பம்பை ஒட்டி நின்றுகொண்டு அடிக்கத் திணறுவது இதனால்தான். நாலு எட்டுப் பின்னால் போய்க் கைப்பிடியின் நுனியைப் பிடிக்கச் சொன்னாலே போதும். கால்வட்டத் துண்டும் சங்கிலியும் அலங்காரத்துக்கு அல்ல. கைப்பிடி எந்தச் சாய்வில் இருந்தாலும் சங்கிலி அந்த வட்டத்தைத் தொட்டபடி நேர் கீழேயே தொங்கும். அதனால் பளுவின் தூரம் மாறுவதில்லை, கம்பியும் பக்கவாட்டில் இழுபடுவதில்லை. ஆனால் சங்கிலியால் இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. கம்பி தன் எடையால்தான் கீழே இறங்க வேண்டும். பழுதையும் நெம்புகோல் கணக்கை வைத்தே ஊகிக்கலாம். கைப்பிடி திடீரென்று லேசாகி, தண்ணீரும் வரவில்லை என்றால் பளு கழன்றுவிட்டது, அதாவது கம்பி எங்கோ அறுந்திருக்கிறது அல்லது இணைப்பு விட்டிருக்கிறது என்று பொருள்.

பழைய கிணற்று ஏற்றமும் யாழ்ப்பாணத்துத் துலாவும் இதே முதல் வகைதான், ஆனால் அவற்றில் ஒரு அழகு உண்டு. அங்கே நெம்புகோலாக ஆடும் நீண்ட மரத்தின் மேல் ஆள் ஏறி முன்னும் பின்னும் நடப்பார். அவருடைய எடை மாறவில்லை, ஆதாரத்திலிருந்து அவர் நிற்கும் தூரம்தான் மாறுகிறது. தள்ளி நடக்க நடக்கத் திருப்புத்திறன் கூடி, மறுமுனையில் தொங்கும் சால், அதாவது நீர் இறைக்கும் பாத்திரம், நிறைந்து மேலே வரும். திரும்பி நடந்தால் கீழே இறங்கும். விசை × தூரம் என்ற விதியைக் காலாலேயே நடந்து காட்டும் கருவி அது.

முதல் வகை என்றால் எப்போதும் லாபம் என்று நினைத்துவிட வேண்டாம். கத்தரிக்கோலை எடுங்கள். விரல் பிடிக்கும் இடம் அச்சிலிருந்து 10 செ.மீ. அச்சுக்கு அருகில், 2 செ.மீ. தூரத்தில் அட்டையை வைத்து வெட்டினால் ஐந்து மடங்கு லாபம். வெட்டு நகர்ந்து நகர்ந்து அலகின் நுனிக்கு, 12 செ.மீ.க்குப் போய்விட்டால் விகிதம் 0.8, கொடுத்ததைவிடக் குறைவாகத்தான் கிடைக்கிறது. அதனால்தான் தகரம் வெட்டும் கத்தரிக்குக் கைப்பிடி நீளம், அலகு கட்டை. முடிவெட்டும் கத்தரிக்கு அலகு நீளம். மயிரை வெட்டப் பலம் வேண்டாம், ஒரே வீச்சில் நிறைய நறுக்க வேண்டும். கடினமான பொருளை நுனியில் வைத்து வெட்ட முயன்றால் இரண்டு அலகும் விலகிப் பொருள் நடுவில் மடங்கிக்கொள்ளும். கத்தரி மொட்டையாகிவிட்டது என்று சாணை பிடிக்கக் கொடுப்பதற்கு முன், அச்சுக்கு அருகில் வைத்து ஒருமுறை வெட்டிப் பாருங்கள்.

இரண்டாம் வகை ஒன்றுதான் எப்போதும் விசையை மிச்சப்படுத்தும். பளு நடுவில் இருந்தால் விசையின் தூரம் கட்டாயம் பெரிதாகத்தானே இருக்கும்? பாக்குவெட்டியில் கீல் ஒரு முனையில், பாக்கு கீலை ஒட்டி, கை மறுமுனையில். பாக்கு கீலிலிருந்து 3 செ.மீ., கை 15 செ.மீ. என்றால் ஐந்து மடங்கு. காய்ந்த கொட்டைப்பாக்கு உடையாவிட்டால் கீலுக்கு இன்னும் அருகில் தள்ள வேண்டும் என்று தோன்றும். ஓரளவுக்கு மேல் அது பலிக்காது: கீலுக்கு அருகில் போகப் போக, பாக்கு நுழைய வெட்டியின் இரண்டு தண்டுகளும் அகலமாக விரிய வேண்டும், விரிந்த கோணத்தில் அழுத்தினால் பாக்கு நசுங்காமல் வெளியே வழுக்கி ஓடும். சமையலறை எலுமிச்சை பிழிவானும் இதே அமைப்புதான்.

கட்டட வேலையில் கலவை தள்ளும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியும் இரண்டாம் வகை. சக்கர அச்சு ஆதாரம். 75 கிலோ கலவையின் மையம் அச்சிலிருந்து 45 செ.மீ., கைப்பிடி 135 செ.மீ. என்றால் கைக்கு வருவது 25 கிலோ, மீதி 50 சக்கரத்துக்கு. கலவையைக் கைப்பிடிப் பக்கம் குவித்து மையம் 60 செ.மீ.க்கு வந்துவிட்டால் கைக்கு 33 கிலோ. ஒரே வண்டி, ஒரே கலவை. எங்கே கொட்டினோம் என்பதில்தான் எட்டுக் கிலோ வித்தியாசம். அதற்காக முழுவதையும் சக்கரத்தின் பக்கம் தள்ளிவிட்டால் ஏற்றத்திலும் பள்ளத்திலும் வண்டி முன்பக்கம் கவிழும். கதவும் இரண்டாம் வகைதான், கைப்பிடியைப் பிடித்துத் தள்ளும்வரை. கீலுக்கு நான்கு விரற்கடை தள்ளி ஒரு விரலால் தள்ளிப் பாருங்கள்: இப்போது விசை கீலுக்கும் கதவின் மையத்துக்கும் நடுவில் வந்துவிட்டது, அதே கதவு மூன்றாம் வகை.

மூன்றாம் வகைக்கு வருவோம். இதில் விசை எப்போதும் பளுவைவிட அதிகம். அப்படியிருந்தும் இது ஏன் என்றால், நாம் எல்லா நேரமும் பலத்துக்காக ஏங்குவதில்லை. 30 செ.மீ. நீளமுள்ள சப்பாத்தி இடுக்கியை, மூடிய முனையிலிருந்து 12 செ.மீ. தூரத்தில் பிடிக்கிறோம். விகிதம் 0.4. சப்பாத்தி என்ன, ஐம்பது கிராமா? அதைப் பிடிக்க எவ்வளவு விசை வேண்டும்? கிடைக்கும் பலன் வேறு: விரல் ஒரு செ.மீ. அசைந்தால் நுனி இரண்டரை செ.மீ. அசையும், கையும் அடுப்புக்குத் தள்ளியே இருக்கும். ஒட்டடைக் கோல், தூண்டில், கிரிக்கெட் மட்டை எல்லாவற்றிலும் இதே பேரம்தான். விசையைக் கூடுதலாகக் கொடுத்து, நீண்ட வீச்சையும் வேகத்தையும் வாங்குகிறோம்.

மூன்றாம் வகையில் ஆதாரத்தின் நடத்தையும் வேறு. முதல் இரண்டு வகையிலும் ஆதாரம் கோலைத் தாங்கினால் போதும். இங்கே ஆதாரம் கோலை எதிர்ப்பக்கமாகப் பிடித்து வைக்க வேண்டும். ஒட்டடைக் கோலைக் கிடைமட்டமாக இரு கையாலும் பிடித்துப் பாருங்கள். முன்கை மேலே தாங்கும், பின்கை கீழே அழுத்திக்கொண்டிருக்கும். பின்கையை விட்டால் கோலின் முன்பக்கம் அப்படியே கவிழும். மூன்றாம் வகைக் கருவிகளில் கீல் தளர்ந்தால் கருவியே உபயோகமற்றுப் போவது இதனால்தான்.

நம் உடம்பில் பெரும்பாலான மூட்டுகள் மூன்றாம் வகைதான். முழங்கையை மடித்து உள்ளங்கையில் 5 கிலோ அரிசிப் பையை வைத்திருக்கிறோம். மூட்டிலிருந்து பை 35 செ.மீ. தூரம். புஜத்தின் இருதலைத் தசை ஒட்டியிருப்பது மூட்டிலிருந்து சுமார் 4 செ.மீ.யில். பைக்காக மட்டும் தசை இழுக்க வேண்டியது 5 × 35 ÷ 4, அதாவது ஏறக்குறைய 44 கிலோ. முன்கையின் எடையையும் சேர்த்தால் ஐம்பதைத் தொடும். ஆனால் தசை ஒரு செ.மீ. சுருங்கினால் உள்ளங்கை ஒன்பது செ.மீ. உயர்கிறது; தசையால் அதிக தூரம் சுருங்க முடியாது என்பதால் இந்த அமைப்பு நமக்கு வசதி. தாடையும் அப்படித்தான். ஆதாரம் காதுக்கு முன்னால், தசை அதை ஒட்டி, பல் அதற்கும் முன்னால். முன்பல்லோடு ஒப்பிட்டால் கடைவாய்ப் பல் ஆதாரத்துக்கு ஏறக்குறையப் பாதித் தூரத்தில் இருக்கிறது. கெட்டிச் சீடையை யாரும் சொல்லித்தராமலே கடைவாய்க்குத் தள்ளுகிறோம்.

நுனிக்காலில் நிற்பது இரண்டாம் வகை என்று புத்தகம் சொல்லும்: விரல்களின் அடிப்பகுதி ஆதாரம், கணுக்கால் வழியாக இறங்கும் உடல் எடை நடுவில், குதிகாலை மேலே இழுக்கும் தசைநார் பின்னால். படம் சரி. ஆனால் அதைப் பார்த்து, 'இரண்டாம் வகை, ஆகவே கெண்டைக்கால் தசை உடல் எடையைவிடக் குறைவாக இழுத்தால் போதும்' என்று முடிவு கட்டினால் தவறு. 60 கிலோ ஆள் ஒற்றைக் காலில் எம்பி நிற்கிறார். விரலடியிலிருந்து கணுக்கால் 12 செ.மீ., கணுக்காலிலிருந்து குதிநார் 5 செ.மீ. என்று கொள்வோம். அவசரக் கணக்கு 60 × 12 ÷ 17, 42 கிலோ என்று சொல்லும். விட்டுப்போனது என்ன? கெண்டைக்கால் தசையின் மேல்முனை அதே உடம்பில்தான் இருக்கிறது. குதிகாலை மேலே இழுக்கும்போது, அதே அளவுக்குத் தொடையையும் காலெலும்பையும் கீழே இழுக்கிறது. ஆக, கணுக்காலின் மீது இறங்குவது 60 அல்ல, 60உடன் தசையின் இழுப்பும் சேர்ந்தது. சரியான விடைக்குக் கணுக்காலையே மையமாக வைத்துப் பாருங்கள்: தரை மேலே தள்ளும் 60 கிலோ 12 செ.மீ. முன்னால், தசை 5 செ.மீ. பின்னால். 60 × 12 ÷ 5 = 144 கிலோ. கணுக்கால் மூட்டின் மீது இறங்குவது 204 கிலோ. இதை விரலடியை மையமாக வைத்துச் சரிபார்த்தாலும் பொருந்தும்: 204 × 12, 144 × 17 இரண்டும் 2448. குதிநார் உடம்பிலேயே தடித்த தசைநாராக இருப்பது சும்மா இல்லை.

குழப்பும் பொருள்கள் சிலவற்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். 'இடுக்கி' என்ற சொல்லே ஒரு பொறி. அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை இறக்கும் இடுக்கிக்கு நடுவில் ஆணி அடித்திருக்கும்; அது கத்தரிக்கோல் போல முதல் வகை. ஒரு முனை மூடிய சப்பாத்தி இடுக்கி, மருத்துவமனையில் பஞ்சு எடுக்கும் சிறு இடுக்கி எல்லாம் மூன்றாம் வகை. கொல்லர் குறடும் எலக்ட்ரீஷியன் குறடும் முதல் வகை. சோடா மூடி திறப்பானின் நுனியை மூடி மேல் ஊன்றி, விளிம்பில் கொக்கி மாட்டி, கைப்பிடியை மேலே தூக்கினால் இரண்டாம் வகை. கீழே அழுத்தித் திறக்கும் அமைப்பு என்றால் முதல் வகை. நகவெட்டி இரண்டு நெம்புகோல் கூட்டு: மேலே இருக்கும் சிறு கைப்பிடி இரண்டாம் வகை, அது அழுத்தும் இரண்டு அலகுகள் பின்முனையில் சேர்ந்திருப்பதால் மூன்றாம் வகை. மேல்கைப்பிடியில் பெறும் லாபத்தில் கொஞ்சத்தை அலகு தின்றுவிட்டு மீதியை நகத்துக்குத் தருகிறது. ஸ்டேப்ளரைப் பற்றி ஆளுக்கொரு விடை சொல்வார்கள். கீல் பின்முனையில், ஸ்டேப்ளர் கம்பி இறங்கும் இடம் முன்முனையில். உள்ளங்கை இரண்டுக்கும் நடுவில் அழுத்தினால் மூன்றாம் வகை. தலைக்கு நேர் மேலே குத்தினால் விசையும் பளுவும் ஒரே கோட்டில் வந்துவிடும். எந்த வகை என்று வாதாடுவதில் பொருளே இல்லை.

தூரம் என்று சொன்னேனே, அதிலும் ஒரு நுட்பம். கோலின் நீளம் அல்ல, விசை செயல்படும் கோட்டுக்கு ஆதாரத்திலிருந்து செங்குத்தாக உள்ள தூரமே கணக்கு. ஸ்பேனரின் கைப்பிடியோடு 90 பாகையில் இழுத்தால் முழு நீளமும் பயன்படும். 30 பாகையில் சாய்த்து இழுத்தால் சரிபாதி வீண். சுத்தியலால் ஆணி பிடுங்குவது இதே கணக்கு, வளைந்த கோலில். ஆணி பாதி வெளியே வந்த பிறகு சுத்தியலின் தலை சாய்ந்து, ஆணி பக்கவாட்டில் இழுபட்டு வளையும். தலைக்கு அடியில் ஒரு மரத்துண்டைக் கொடுத்தால் ஆணி மறுபடி நேராக இழுபடும், பலகையும் நசுங்காது.

வீட்டில் செய்து பார்க்க 30 செ.மீ. அளவுகோலும் ஒரே மாதிரி நாணயங்கள் மூன்றும் போதும். பென்சிலை மேசையில் டேப் போட்டு ஒட்டி, அதன் மேல் அளவுகோலை 15இல் நிறுத்துங்கள். ஒரு பக்கம் 6 செ.மீ. தூரத்தில் இரண்டு நாணயம், மறுபக்கம் 12 செ.மீ. தூரத்தில் ஒன்று, நிற்கும். தூரத்தை நாணயத்தின் விளிம்பிலிருந்து அளந்தால் தப்பாகும், மையத்திலிருந்து அளக்க வேண்டும். ஆறு பட்டைப் பென்சிலின் தட்டையான முகம் ஒரு குறை: சமமில்லாதபோதும் அளவுகோல் அதன் மேல் உட்கார்ந்துகொள்ளும். நாணயத்தை மெல்ல நகர்த்தி, ஒரு பக்கம் சாயும் இடத்தையும் மறுபக்கம் சாயும் இடத்தையும் குறித்து, நடுவை எடுங்கள். அடுத்து, ஒரு நாணயத்தை 1 செ.மீ. கோட்டில் வைத்து, பென்சில் எங்கே இருந்தால் நிற்கிறது என்று தேடுங்கள். 11இல் நின்றால், நாணயத்தின் தூரம் 10, அளவுகோலின் மையம் 15இல் இருப்பதால் அதன் தூரம் 4. அளவுகோல் இரண்டரை நாணய எடை. தராசே இல்லாமல் எடை போட்டாயிற்று.

மற்ற இரண்டு வகைக்கும் ஒரு மீட்டர் மரச்சட்டமும், பயணப்பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசும் எடுங்கள். சட்டம் 300 கிராம் என்போம். ஒரு முனை நாற்காலி மேல். அங்கிருந்து 25 செ.மீ.யில் ஒரு கிலோ தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டு, மறுமுனையைக் கொக்கியால் தூக்கினால் தராசு 400 கிராம் காட்டும்: பாட்டிலுக்கு 250, சட்டத்தின் எடையில் பாதி 150. இது இரண்டாம் வகை. இப்போது பாட்டிலை முனைக்கும் கொக்கியை 25 செ.மீ.க்கும் மாற்றுங்கள். 4.6 கிலோ காட்டும். நாற்காலி மேலுள்ள முனை எகிறும் என்பதால் யாராவது அதை 3.3 கிலோ விசையோடு அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். அந்தப் பெண்ணையே பிடிக்கச் சொல்லுங்கள். மூன்றாம் வகையில் ஆதாரம் என்ன பாடுபடுகிறது என்று கைக்கே தெரியும்.

தேர்வுக்கு: கேள்வியில் படம் இருந்தால் கை எங்கே வரைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதட்டும். பெயர் மட்டும் கொடுத்திருந்தால் விடைக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, ஆ, ப, வி மூன்றையும் அதில் குறிக்கட்டும். இடுக்கி என்று கேட்டால் எந்த இடுக்கி என்பதையும் ஒரு வார்த்தை சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.